வரி இல்லை, எல்லை உண்டு: பிரிட்டன் விலகலைப் பற்றிப் புதுவையிலும் கடலூரிலும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் ஏற்றுமதிக் காகித வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிறப்பிடச் சான்று என்று சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுப்பது தொழில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதிலிருந்து தொழில் கேள்விகளோடு வீட்டுக் கேள்விகளும் வருகின்றன. காரணம் இந்த ஊர்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் ஒரு பிள்ளை பாரீசில் இருக்கும், இன்னொன்று லண்டனில் இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

பிரிட்டன் எப்ப சார் வெளிய போச்சு? ஒருத்தர் 2016ன்றாரு, ஒருத்தர் 2020ன்றாரு, நீங்க 2021ன்றீங்க.

மூன்றுமே சரி. 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது, 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31 அன்று சட்டப்படி விலகினார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை இடைக்காலம் என்று வைத்துப் பழைய விதிகளையே ஓட்டினார்கள். ஆகவே சரக்குக்கும் ஆளுக்கும் நிஜமாக எல்லை வந்த நாள் 2021 ஜனவரி 1. ஒன்றியத்தோடு போட்ட வணிக ஒப்பந்தம் கையில் கிடைத்ததோ 2020 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ளதைப் படித்துத் தயாராக வியாபாரிகளுக்குக் கிடைத்தது ஒரே வாரம்.

சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தைன்னு ரெண்டு வார்த்தை வருதே, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. சுங்க ஒன்றியம் என்றால் உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடும் ஒரே வரி. ஒரு வாசலில் கட்டிவிட்டால் உள்ளே எங்கும் மறுபடி கேட்க மாட்டார்கள். ஒற்றைச் சந்தை என்றால் பொருளின் தரம், சுகாதாரம், லேபிள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி, அதனால் எல்லையில் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆளும் பணமும் சேவையும்கூட அதில் தடையில்லாமல் போகும். நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் நார்வே, ஸ்வீடன் எல்லையில் சுங்கச் சாவடி இருக்கிறது. பிரிட்டன் இரண்டையும் விட்டுவிட்டது.

நம் ஊருக்கு இது புதிதில்லை. 1941இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியமாகச் சேர்ந்தன. 1949இல் இந்திய அரசு அதை முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு புதுவையைச் சுற்றி நின்ற சுங்கக் காவலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நேற்றுவரை ஒரே ஊராகப் போய்வந்த பாதையில் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இன்றைக்கும் ஒரு சின்ன மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. புதுவையிலிருந்து கடலூருக்கு அரிசி மூட்டையோடு வந்தால் யாரும் நிறுத்துவதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரி. மதுபாட்டிலோடு வந்தால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். மது ஜிஎஸ்டிக்குள் இல்லை, இரண்டு பக்கமும் வரி வேறு. வரியும் விதியும் வேறாகிற இடத்தில் யாராவது ஒருவர் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

ரெண்டு பேருக்கும் வரியே கிடையாதுன்னு ஒப்பந்தம் போட்டாங்கல்ல? அப்புறம் எதுக்கு டோவர்ல லாரி நிக்குது?

வரி பூஜ்யம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பூஜ்யம் தானாக வராது. இந்தப் பொருள் பிரிட்டனில் பிறந்தது, அல்லது ஐரோப்பிய ஒன்றியத்தில் பிறந்தது என்று காட்டினால்தான் கிடைக்கும். அதைக் காட்ட ஒரு காகிதம், சுங்கத்துக்கு ஒரு அறிவிப்பு, உணவுப் பொருளானால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று, மரப் பலகையில் அடுக்கினால் பலகைக்குப் பூச்சி நீக்கிய முத்திரை. இவை எதுவும் 2020 வரை பிரிட்டனின் டோவர் துறைமுகத்துக்கும் எதிர்க்கரையில் பிரான்சின் கலேவுக்கும் நடுவில் கிடையாது. முத்திரை இல்லாத மரப் பலகையை நாம் எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் அனுப்ப முடியாதே, அதே விதிதான் இப்போது அவர்களுக்குள்ளும்.

2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்களின் சாப்பாட்டையே சுங்க அதிகாரிகள் பறித்தார்கள். ரொட்டிக்குள் பன்றி இறைச்சி வைத்திருந்தார்கள் என்பதால். டிவியில் பார்த்த பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கே அந்த விதி என்றால் கண்டெய்னருக்கு என்ன ஆகும் என்றுதான் தோன்றியது.

பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனையை உடனே தொடங்கவில்லை, பலமுறை தள்ளிப்போட்டது. ஒன்றியத்திலிருந்து வரும் உணவுக்குச் சுகாதாரச் சான்று 2024 ஜனவரி 31இல்தான் கட்டாயமானது, சரக்கைப் பிரித்துப் பார்ப்பது அந்த ஆண்டு ஏப்ரல் 30இல். 2025 மே 19 அன்று இரு தரப்பும் உட்கார்ந்து, உணவு, தாவரச் சோதனைகளைக் குறைக்கத் தனி ஒப்பந்தம் பேசலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

நாங்க கடலூர்லேர்ந்து இறால் அனுப்புறோம். எங்களுக்கு இதுல என்ன மாற்றம்? ரெண்டுமே வெளிநாடுதானே?

இந்தியா என்றைக்கும் வெளியாள்தான், அதனால் புது எல்லை எதுவும் நமக்கு வரவில்லை. ஆனால் ஒரு வாசலாக இருந்தது இரண்டு வாசலாகிவிட்டது. முன்பு லண்டனுக்கோ ராட்டர்டாமுக்கோ ஒரே வகைச் சுகாதாரச் சான்று போதும். இப்போது பிரிட்டனுக்கு ஒரு படிவம், ஒன்றியத்துக்கு வேறு படிவம். ஏற்றுமதி ஆய்வு முகமையில் விண்ணப்பிக்கும்போதே சரக்கு எங்கே இறங்குகிறது என்று தெளிவாக இருக்க வேண்டும். பாதி வழியில் பையர், அதாவது அங்கே சரக்கு வாங்குகிறவர், மனம் மாறி, லண்டன் வேண்டாம், ஆன்ட்வெர்ப்பில் இறக்கு என்றால் சான்று செல்லாது.

கடலில் பிடித்த மீனுக்கு எம்பிடா (கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) தரும் பிடிப்புச் சான்றை இரண்டு பக்கமும் கேட்பார்கள். பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் குட்டையில் வளர்க்கும் வன்னாமி இறாலுக்கு அது தேவையில்லை. லேபிளில் பிரிட்டனுக்கு பிரிட்டன் முகவரி, ஒன்றியத்துக்கு ஒன்றியத்துக்குள் உள்ள ஒரு முகவரி இருக்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் இரண்டையும் அச்சடித்துவிடுங்கள். இரண்டு வகை அட்டைப்பெட்டி வாங்கி அடுக்கி வைப்பதைவிட அது மலிவு.

லண்டன் பையர் சரக்க வாங்கி அவரே பாரீஸ் கடைங்களுக்கு அனுப்பிக்குவாரு. வரி இல்லைன்னு சொன்னீங்களே, அப்ப பிரச்சினை இல்லையே?

பிரச்சினை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மேலே சொன்ன பூஜ்ய வரி, பிரிட்டனில் பிறந்த சரக்குக்கு. உங்கள் சரக்கு இந்தியாவில் பிறந்தது. லண்டன் கிடங்கில் ஒரு மாதம் இருந்தாலும், பெட்டி மாற்றினாலும், அழகாக லேபிள் ஒட்டினாலும் அது இந்தியச் சரக்குதான். ஆகவே லண்டனில் ஒருமுறை இறக்குமதி வரி, அங்கிருந்து பிரான்சுக்குள் நுழையும்போது ஒன்றியத்தின் வரி இன்னொருமுறை. 2020 வரை முதல் வரியோடு கணக்கு முடிந்துவிடும்.

2020 டிசம்பரில் இதை நானே தவறாகச் சொன்னேன். வில்லியனூர்ப் பக்கம் பருத்திப் பை தைத்து அனுப்பும் ஒருவர், லண்டன் வழியாகப் பிரான்சுக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒப்பந்தச் செய்தி வந்த அன்று போன் செய்தார். வரி பூஜ்யமாம், கவலைப்படாதீர்கள் என்றேன். பிறப்பிடம் என்ற சொல்லை நான் யோசிக்கவே இல்லை. மூன்று மாதத்தில் பாரீஸ் கடைக்காரர்கள், எங்களிடம் மறுபடி வரி கேட்கிறார்கள் என்று ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

அதற்கப்புறம் செய்தது இது: பிரிட்டன் சரக்கைத் தனியாகவும் பிரான்ஸ் சரக்கைத் தனியாகவும் பிரித்து, பிரான்ஸ் பங்கை நேராக லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு அனுப்பினோம். சரக்கு குறைவாக இருந்தால் முழுக் கண்டெய்னர் கிடைக்காது, பகிர்வுக் கண்டெய்னரில் போட வேண்டும், செலவு கொஞ்சம் ஏறும். இன்னொரு வழி, பையர் லண்டனில் சுங்கக் காவல் உள்ள கிடங்கு வைத்திருப்பது. அங்கே இறங்கும் சரக்கு பிரிட்டனுக்குள் நுழைந்ததாகவே கணக்கில்லை; வரி கட்டாமல் போக்குவரத்து ஆவணத்தில் பிரான்சுக்குக் கிளம்பலாம். பையரிடம் அந்தக் கிடங்கு இருக்கிறதா என்பதை ஆர்டர் வாங்கும்போதே கேளுங்கள்.

கப்பல்தான் இங்கிலாந்து துறைமுகத்துல மாறுது, சரக்கு இறங்கறதே இல்ல. அதுக்குமா ரெண்டு வரி?

இல்லை. கண்டெய்னர் சீல் பிரிக்காமல் சுங்கக் கண்காணிப்பிலேயே கப்பல் மாறினால் அது வெறும் வழிப்பயணம். முழுப் பயணத்துக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு, இருக்கட்டும்.

பண்ருட்டி முந்திரி பண்ருட்டில பொறந்ததுதானே? அதுக்கும் பிறப்பிடம் பார்ப்பாங்களா?

மரம் நம் மண்ணில் நின்றால் சந்தேகமே இல்லை. ஆனால் நம் பக்கம் உடைக்கும் கொட்டையில் கணிசமானது ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். பிரிட்டன், ஒன்றிய ஒப்பந்தத்திலும் சரி, ஒன்றியம் வளரும் நாடுகளுக்குத் தரும் வரிச் சலுகையிலும் சரி, கொட்டையின் ஓடு நீக்குவது, தோல் உரிப்பது ஆகியவை பிறப்பிடத்தை மாற்றப் போதாத வேலை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து உடைத்துத் தோல் உரிக்கும் பெண்களின் உழைப்பைப் பார்த்தவனுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். ஆனாலும் சான்றில் கையெழுத்துப் போடும் முன் கொட்டை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பொய்ச் சான்று பிற்பாடு பிடிபட்டால் பையர்தான் மாட்டிக்கொள்வார், இனி உங்களிடம் சரக்கு வாங்க மாட்டார்.

இந்தியாவும் பிரிட்டனும் இப்ப ஒப்பந்தம் போட்டிருக்கே, அது பிரான்சுக்கும் செல்லுமா?

செல்லாது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் மட்டும். இந்தியப் பொருள் வகைகளில் 99 சதவீதத்துக்கு வரியை நீக்க அதில் பிரிட்டன் ஒத்துக்கொண்டது. இறால், தோல், துணி எல்லாம் அதில் வரும். ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் இப்படித் தனியாகப் பேசியிருக்கவே முடியாது, சுங்க ஒன்றியத்தில் வெளி வரியை எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்வார்கள். விலகியதால் நமக்கு நேரடியாகக் கிடைத்தது இது. ஒன்றியத்தோடு இந்தியாவின் பேச்சு தனிக் கதை. 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி ஆரம்பித்தது.

ஒரு எச்சரிக்கை. லண்டனில் வரி இல்லாமல் இறக்கி அங்கிருந்து பாரீசுக்குத் தள்ளிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், பருத்திப் பைக்காரருக்கு நடந்ததை ஒருமுறை மேலே படித்துவிட்டு வாருங்கள்.

வட அயர்லாந்து விஷயம் மட்டும் எத்தன தடவ படிச்சாலும் புரியல. அங்க எல்லை நிலத்துல இருக்கா, கடல்லயா?

பாகூர்ப் பக்கம் போய்வந்தவருக்கு இது சீக்கிரம் புரியும். ஒரு கிராமம் புதுவை, அடுத்தது தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடி புதுவை. அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் சுங்கச் சாவடி வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அயர்லாந்துத் தீவில் தெற்கே அயர்லாந்துக் குடியரசு, ஒன்றிய உறுப்பு. வடக்கே வட அயர்லாந்து, பிரிட்டனின் பகுதி. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் நிலம், 200க்கு மேற்பட்ட பாதைகள். முப்பது வருடம் குண்டும் துப்பாக்கியும் பார்த்த மண் அது. ராணுவச் சாவடிகள் நின்ற இடங்கள் 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் வெறும் சாலையாகின. அங்கே மறுபடி ஒரு சாவடி நட யாருக்கும் துணிவில்லை. அந்தத் தயக்கம் சரியானதுதான்.

ஆனால் ஒன்றியச் சந்தையின் ஓரம் எங்காவது இருந்தாக வேண்டும். அதனால் நிலத்தில் வைக்காமல் கடலில் வைத்தார்கள். வட அயர்லாந்து பொருள்களுக்கு ஒன்றிய விதியையே பின்பற்றும், இங்கிலாந்திலிருந்து பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களுக்கு வரும் சரக்கை அங்கே பார்ப்பார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே சோதனையா என்று அங்குள்ள ஒரு சாராருக்குக் கோபம் வந்தது. 2023 பிப்ரவரி 27 அன்று வின்ட்சர் ஏற்பாடு என்று திருத்தினார்கள். வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, காகிதம் குறைவு. தெற்கே போகக்கூடிய சரக்குக்குச் சிவப்புப் பாதை, முழுச் சோதனை. பச்சைப் பாதையில் போகும் உணவுப் பாக்கெட் பலவற்றில் ஒன்றியத்துக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும்.

உங்கள் பையர் பெல்ஃபாஸ்டில் இருந்தால், சரக்கு வடக்கிலேயே விற்குமா, டப்ளினுக்கும் போகுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரியும் சான்றும் அதை வைத்துத்தான்.

எங்க பையனுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. லண்டன்ல வேலைக்குப் போலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. போலாமா அண்ணே?

போக முடியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்கிறேன், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த தாத்தாவின் ஒரு கையெழுத்தில் பேரன்கள் பாரீசுக்கும் போனார்கள், பிறகு ஒன்றியம் வழியாக லண்டனுக்கும் போனார்கள். 2020 டிசம்பர் 31 வரை லண்டனில் இறங்கி மறுநாளே வேலைக்குச் சேரலாம். அந்தக் கதவு அன்று இரவு மூடிவிட்டது.

இப்போது வேலை விசாவில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஒன்றுதான். உரிமம் உள்ள நிறுவனம் அழைக்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படிப்புக்கும் அப்படியே, 2021 ஆகஸ்ட் முதல் உள்நாட்டுக் கட்டணம் கிடையாது. சுற்றிப் பார்க்கப் போவதில் மட்டும் வித்தியாசம் உண்டு: பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 2025 ஏப்ரல் 2 முதல் இணையத்தில் வாங்கும் முன்அனுமதி மட்டும் போதும். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. உங்கள் ஏஜென்ட் காட்டுவது அந்த முன்அனுமதியைத்தானா என்று பாருங்கள், பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

2020 முடியும் முன்பே பிரிட்டனில் குடியிருந்தவர்கள் தனி. அவர்களுக்குக் குடியேற்றத் திட்டம் இருந்தது, விண்ணப்பக் கெடு 2021 ஜூன் 30. தக்க காரணம் இருந்தால் தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம். அவர்களோடு 2020 முடியும் முன்பே திருமணம் ஆகியிருந்த கணவனோ மனைவியோ இன்றும் போய்ச் சேர வழி உண்டு. ஆங்கிலம் பேசும் நாட்டில் வேலை என்பதுதான் ஆசையென்றால் டப்ளினைப் பார்க்கச் சொல்லுங்கள். அயர்லாந்து ஒன்றியத்திலேயே இருக்கிறது, பிரெஞ்சு பாஸ்போர்ட் அங்கே முழுதாகச் செல்லும்.

என் தங்கச்சிக்கு ஷெங்கன் விசா வந்துடுச்சு. பாரீஸ்லேர்ந்து ரயில்ல லண்டன் போய் வரலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா தனியாக வேண்டும். இது விலகலால் வந்ததல்ல. பிரிட்டன் ஷெங்கனில், அதாவது ஐரோப்பாவின் பொது விசா வட்டத்தில், என்றைக்குமே இல்லை.

லண்டன் அக்கா பாரீஸ் கல்யாணத்துக்கு வராங்க. நெய்யும் பால்கோவாவும் கொண்டு வரலாமா? கருவாடு?

நெய், பால்கோவா, கறி எதுவும் கூடாது. லாரி ஓட்டுநர் ரொட்டிக்கு ஆனதுதான் அக்காவின் பால்கோவாவுக்கும். அந்தப் பக்கமும் பிரிட்டன் 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து பயணிகள் இறைச்சி, பால் பொருள் கொண்டு வருவதைத் தடுத்தது, கோமாரி நோய் பயத்தில்.

கருவாடு போகும். சொந்த உபயோகத்துக்கு மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை ஒன்றியத்துக்குள் விடுவார்கள், கடலூரிலிருந்து நேராகக் கொண்டுபோனாலும் அதே அளவு. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை பரவாயில்லை. மற்ற பழத்துக்கும் காய்க்கும் தழைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். பார்சலில் அனுப்பினால் பரிசு என்று எழுதி 45 யூரோவுக்குள் வைத்தால் பிரான்சில் வரி கேட்க மாட்டார்கள். அக்காவிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் அது வாங்கிப் பத்து வருடம் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கவனிக்காமல் விமான நிலையத்திலிருந்து திரும்பியவர்கள் உண்டு. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கவும் முடியாது.

அங்கயும் மீனவனுங்க அடிச்சிக்கிறானுங்களாமே. நம்ம இலங்கைப் பிரச்சினை மாதிரியா?

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர் கேட்டது. பாதி அப்படித்தான். ஒன்றியத்துக்குள் இருந்தவரை ஒருவர் கடலில் ஒருவர் பிடித்தார்கள், யாருக்கு எத்தனை டன் என்று பங்கு இருந்தது. விலகிய பிறகு, பிரிட்டன் கடலில் ஒன்றியப் படகுகள் பிடித்த மதிப்பில் 25 சதவீதம் 2026 ஜூனுக்குள் படிப்படியாகப் பிரிட்டனுக்கு என்று முடிவானது. 2025 மேயில் பேசி, படகுகள் உள்ளே வரும் அனுமதியை 2038 ஜூன் வரை நீட்டினார்கள்.

நமக்கும் இலங்கைக்கும் 1974, 1976 ஒப்பந்தங்கள் கோடு கிழித்ததோடு நின்றுவிட்டன. ஐரோப்பாவில் கோட்டைத் தாண்ட உரிமம் என்று ஒன்று இருக்கிறது. சண்டை அந்த உரிமத்துக்குத்தான். இதற்கு முன் இங்கே பிடித்தேன் என்று பதிவு காட்டினால் உரிமம்; பெரிய படகில் இருக்கும் இடத்தைப் பதிவு செய்யும் கருவி இருந்ததால் காட்ட முடிந்தது, கருவி இல்லாத சிறு படகுக்காரர்கள் திண்டாடினார்கள். 2021 மேயில் ஜெர்சி தீவுத் துறைமுகத்தைப் பிரெஞ்சுப் படகுகள் முற்றுகையிட்டதும், பிரிட்டன் இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியதும் இதனால்தான். இதைச் சொன்னதும் அந்தப் பெரியவர், நம்ம பசங்க எத்தனை பேரிடம் பதிவு இருக்கும் என்று கேட்டார்.

நிலத்துல எல்லையே இல்லைன்னீங்க. அப்ப டப்ளின் போய், பஸ் ஏறி பெல்ஃபாஸ்ட் இறங்கி, அங்கேர்ந்து லண்டன் போய்ட்டா யாரு கேப்பாங்க?

பஸ்ஸில் யாரும் கேட்காமல் போகலாம். ஆனால் சாவடி இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லாமல் போகாது. பெல்ஃபாஸ்டில் கால் வைத்ததும் நீங்கள் பிரிட்டன் சட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டானால் பிரிட்டனில் செல்லும் விசா, பிரெஞ்சு பாஸ்போர்ட்டானால் முன்அனுமதி கையில் இருக்க வேண்டும். கேள்வி எல்லையில் வராது. வீடு வாடகைக்குக் கேட்கும்போது இங்கிலாந்தில் வீட்டுக்காரர் கேட்பார், வேலையில் சேரும்போது முதலாளி கேட்பார். பிடிபட்டால் அடுத்த விசாவும் போய்விடும். இதை என்னிடம் கேட்ட தம்பிக்கு வயது 22. இதற்கு முந்தைய வாரம்தான் டப்ளினில் ஒரு ஓட்டல் வேலைக்கு முறையாக விண்ணப்பிக்க அவனுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட் நகலை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்த வேலைக்கே போ என்று சொல்லி அனுப்பினேன்.